காலி நாற்காலிக்கு ஐந்து மதிப்பெண்

சூசைராஜ் ஜப்பானிய மொழியை மறுபடியும் படிக்கத் தொடங்கியபோது, அந்த மொழியால் அவருக்கு ஆகவேண்டிய காரியம் உலகத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. இதை முதலில் ஒப்புக்கொண்டவரும் அவரே.

மலேயாவில், ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அவர் கிளார்க்காக இருந்தவர். ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்ததும் கிளார்க்குகள் எல்லாரும் அவன் மொழியில் பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் உயிருக்குப் பயந்து படித்தார்கள். சூசைராஜும் பயந்துதான் தொடங்கினார்; ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவர் ஆகையால், பயத்துக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புத் தேறினார். இரண்டாம் வகுப்பும் தேறினார். முதல் வகுப்புப் பரீட்சை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தாம் வருஷம் ஆகஸ்டு இருபதாம் தேதி என்று அறிவிக்கப்பட்டது. பதினைந்தாம் தேதி ஜப்பான் சரணடைந்துவிட்டது. ஜனங்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள், சூசைராஜும் கொண்டாடினார். கொண்டாடி முடித்த பிறகு, பரீட்சை என்னவாயிற்று என்று எவரிடமாவது விசாரிக்கலாமா என்று யோசித்தார். விசாரிக்கவில்லை.

மறுவருஷம் கப்பலேறி, கறம்பக்குடிக்குத் தெற்கே இருந்த சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். ஐந்து வருஷமாகக் கடிதம்கூட வராமல் காத்திருந்த மனைவி சந்தனமேரி, அவருடைய டிரங்குப் பெட்டியைத் தானே திறந்தாள். மேலே இரண்டு வேட்டி; அடியில் ஒரு தடித்த புத்தகம். நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் ரப்பர் இலை ஒன்று அடையாளத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. இலையை எடுத்து வெளியே போட்டுவிட்டாள். அதனால் பயனில்லை. பக்க எண் அவருக்கு மனப்பாடம்.

சில மாதம் கடலை போட்டுப் பார்த்தார். கடலை முளைத்தது, மனம் ஒட்டவில்லை. ஒரு நாள் விடிகாலையில் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தவர், அப்புறம் எந்தக் காலையிலும் அந்தப் புத்தகத்தை விட்டு எழுந்து வயலுக்குப் போகவில்லை. காகிதம் கிடைப்பது அரிதாயிருந்ததால் வாசல் மணலில் குச்சியால் எழுதினார். ஓர் எழுத்துக்குப் பதினெட்டுக் கோடு, இருபது கோடு. கோட்டின் வரிசை பிசகினால் மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். நடுவில் ஆடு நடந்தாலும் அதுவே விதி. உரையாடல் பயிற்சிக்கு ஜப்பானியர் ஒருவர் வேண்டும், ஊரில் இல்லை. எனவே இரண்டு முக்காலி போட்டு, ஒன்றில் உட்கார்ந்து கேட்டார், மற்றதில் உட்கார்ந்து பதில் சொன்னார். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடமாட்டார்.

"அந்தப் பாஷையைப் படிச்சு யாருகிட்ட பேசப்போறீங்க? அவன்தான் ஊரைவிட்டே ஓடிட்டானே!" என்றாள் சந்தனமேரி.

"அவனுக்காகப் படிக்கல, மேரி. பாக்கி நிக்கிதுல்ல, அதுக்காகப் படிக்கிறேன்."

இதற்கிடையே புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி அவருக்குக் கிளார்க்கு வேலை கொடுத்தது. நாற்பத்தேழாம் வருஷம் ஜூன் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். தவறினால் வேறு ஆள். சந்தனமேரி அன்றே பாத்திரங்களைக் கட்டத் தொடங்கிவிட்டாள். சூசைராஜோ, ஒன்றைப் பாதியில் விட்டவன் இன்னொன்றைத் தொடுவது முறையல்ல என்றார். முதல் வகுப்பை முடிக்காமல் புதுக்கோட்டைக்குப் போவதற்கில்லை. நடத்துவதற்குச் சர்க்கார் இல்லாத காரணத்தால், பரீட்சையை அவரே நடத்துவது என்று தீர்மானமாயிற்று.

நடத்துகிறவர் பரீட்சாதிகாரி, எழுதுகிறவன் மாணாக்கன். இருவருக்கும் இடையே எந்தச் சலுகையும் இருக்கலாகாது என்பதில் இருவரும் ஒரே கருத்தாக இருந்தார்கள். அதிகாரி பன்னிரண்டு கேள்வித்தாள் தயாரித்து, மடித்து, ஒரு பானையில் போட்டுக் குலுக்கினார். பக்கத்து வீட்டுக் காத்தாயி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மோர் விற்றுப் பிழைக்கும் காத்தாயிதான் மேற்பார்வையும். அவளுக்கு எந்த மொழியிலும் எழுத்து வாசனை கிடையாது. மாணாக்கனுக்கு விடை சொல்லிக்கொடுத்துவிடுவாள் என்ற அச்சமில்லை.

மே முப்பத்தோராம் தேதி காலையில் எழுத்துப் பரீட்சையும், பகலில் வாய்மொழிப் பரீட்சையும் நடந்தன. வாய்மொழிப் பரீட்சைக்காக மாதா கோயிலிலிருந்து நாற்காலி ஒன்று இரவல் வந்திருந்தது. மாணாக்கன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தான். பிறகு எழுந்துபோய், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதிகாரியாக நாற்காலியில் அமர்ந்து, முதல் கேள்வியைக் கேட்க வாயெடுத்தபோதுதான் அவருக்கு உறைத்தது: உள்ளே வந்த மாணாக்கன் அதிகாரியை வணங்கவே இல்லை.

ஜப்பான் பரீட்சையில் இது சிறிய குற்றமல்ல. இடுப்பிலிருந்து குனிந்து, மூன்று எண்ணும் நேரம் அப்படியே நின்று, நிமிர வேண்டும். சூசைராஜுக்கு முகம் சிவந்தது. அவமதிக்கப்பட்டவர் அவரே, அவமதித்தவரும் அவரே. பரீட்சையைத் தொடர்ந்து நடத்தினார். ஆனால் குரலில் பழைய கனிவு இல்லை என்று காத்தாயி பிற்பாடு சொன்னாள்.

மாலையில் முடிவு வெளியாயிற்று. தேற எண்பது வேண்டும். மாணாக்கன் பெற்றது எண்பத்தொன்று. மரியாதைக் குறைவுக்கு ஐந்து கழித்து எழுபத்தாறு. தேறவில்லை.

"தேறலைன்னா?" என்றாள் சந்தனமேரி.

"அடுத்த வருஷம் இதே தேதியில எழுதலாம்னு விதி."

"விதியை யாரு போட்டது?"

"பரீட்சாதிகாரி."

"அந்தாளைக் கூப்பிடுங்க. நான் பேசிக்கிறேன்."

"மாணாக்கன் குடும்பத்தார் அதிகாரியைப் பாக்கக் கூடாதுன்னும் ஒரு விதி இருக்கு."

"அப்ப அந்த அதிகாரிக்குச் சோறு யாரு போடுறது?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகச் சூசைராஜுக்குப் பட்டது. ஆகவே மாணாக்கனாகவே உட்கார்ந்து சாப்பிட்டார். தேறாதவன் என்பதால் மறுசோறு கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்த கையோடு சந்தனமேரி ஊர் அம்பலகாரர் ராசு அம்பலத்திடம் பிராது கொடுத்துவிட்டாள். ஊர் வழக்கெல்லாம் தீருவது குளக்கரைப் புளியமரத்தடியில்தான். அங்கே அம்பலம் உட்கார ஒரு கருங்கல் உண்டு. ராசு அம்பலம் அதில் அமர்ந்து, பிராதை ஒரு முறைக்கு இரு முறை கேட்டார்.

"வாதி நீயி. பிரதிவாதி ஒம் புருசன். சரி. அநியாயம் நடந்தது யாருக்கு?"

"எம் புருசனுக்குத்தாங்க."

அம்பலம் வெற்றிலையை மறுகன்னத்துக்கு மாற்றினார். இருபது வருஷ நியாயத்தில் அவர் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஆனால் கண்டதில்லை என்று காட்டிக்கொள்வது அந்தக் கல்லுக்கு அழகல்ல.

"மாணாக்கன் இங்கிட்டு நில்லு. பரீட்சாதிகாரி, நீங்க அங்கிட்டு வாங்க."

சூசைராஜ் முதலில் இங்கிட்டு நின்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்கிட்டுப் போனார். அதிகாரிக்கு உட்கார முக்காலி வந்தது. காத்தாயி ஒரு செம்பு மோர் கொண்டுவந்து அதிகாரிக்குக் கொடுத்தாள். மாணாக்கனுக்கு ஒருவரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

"நீங்க சொல்லுங்க. பையன் என்ன தப்பு செஞ்சான்?"

"உள்ள வந்தவன் என்னை வணங்கலைங்க, அம்பலம்," என்றார் அதிகாரி. "பாடத்தில் கெட்டிக்காரன்தான். அடக்கம் போதாது."

"நீ என்னப்பா சொல்றே?"

சூசைராஜ் கண்ணாடியைக் கழற்றியபடி பத்தடி நடந்து வந்தார். "தப்புத்தாங்க. பதற்றத்துல மறந்துட்டேன். அவரு மேல எனக்கு எப்பவும் மரியாதை உண்டு."

"குரலைப் பாரு, பூனை கணக்கா!" என்றான் கூட்டத்திலிருந்த வண்டிக்கார ஐயனார். "அங்கிட்டு நின்னப்ப எம்புட்டு மெதப்பு!"

"காத்தாயி, நீ பாத்தியா?"

"பாத்தேங்க. கிளார்க்கு தம்பி விறுவிறுன்னு வந்தாரு, உக்காந்தாரு. கும்பிடல, ஒண்ணுமில்ல. நாற்காலிக்காரர் வந்து உக்காந்தாரு பாருங்க, எனக்கே பயமாப்போச்சு."

"அதைத்தாங்க நானும் கேக்குறேன்," என்று சந்தனமேரி முன்னால் வந்தாள். "இவரு உள்ள வந்தப்ப நாற்காலியில யாரு இருந்தா? காலி நாற்காலி! ஆளே இல்லாத நாற்காலிக்கு எதுக்குங்க கும்பிடு? நல்லாத்தானே எழுதியிருக்காரு, அந்த அஞ்சைக் குடுத்துரச் சொல்லுங்க."

கூட்டம் அவள் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தது. ராசு அம்பலத்தின் முகம் மட்டும் மாறியது. அந்த ஊரில் அவர் கல்லில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கல்லைக் கடப்பவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவார்கள். வெயிலானாலும் குடையை மடக்குவார்கள். ஆளில்லாத இருக்கைக்கு மரியாதை வேண்டாம் என்று இன்று தீர்ப்புச் சொன்னால், நாளைக் காலையில் இந்தக் கல்லில் ஆட்டைக் கட்டுவார்கள்.

"ஆளு இல்லேன்னா என்ன?" என்றார் அம்பலம் கணீரென்று. "ஆளு எந்திரிச்சுப் போவான், வருவான். மரியாதை நாற்காலிக்கு. அதிகாரி கழிச்சது நாயம். தேறல."

சூசைராஜ் இரு இடத்திலும் தலையை அசைத்தார். மாணாக்கன் வருந்தினான், அதிகாரிக்கு உள்ளூர ஒரு நிறைவு. நாளைக்குப் புதுக்கோட்டை வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று நினைத்தபோது மட்டும் இருவரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். ஐந்து வருஷம் காத்திருந்தவளை நிமிர்ந்து பார்க்கக் கண்ணாடி போட்ட கண்ணாலும் முடியவில்லை, போடாத கண்ணாலும் முடியவில்லை.

ஆனால் சந்தனமேரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நாற்காலிக்குத்தான் மரியாதைன்னா சரிங்க. போன மாசம் இந்த ஐயனாரு இதே கல்லைக் குடையை விரிச்சுக்கிட்டுத் தாண்டுனாரு. என்ன தீர்ப்புச் சொன்னீங்க?"

ஐயனார் கூட்டத்துக்குள் பின்வாங்கினான்.

"வெத்தலை பாக்கு வச்சு, கல்லு முன்னால விழுந்து எந்திரிக்கச் சொன்னேன்," என்றார் அம்பலம்.

"விழுந்தாரு. அத்தோட குத்தம் தீந்துச்சா, இல்ல அடுத்த வருஷம் இதே தேதிக்கு வரச் சொன்னீங்களா? வண்டிக்காரருக்கு ஒரு நாயம், எம் புருசனுக்கு ஒரு நாயமா?"

அம்பலம் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார். வழக்கம் வழக்கந்தான், தப்புக்கு விழுந்து எழுந்தவன் மேல் மறுபடி அந்தத் தப்பைச் சொல்வது அந்த ஊரில் கிடையாது.

"மாணாக்கன் வெத்தலை பாக்கு வச்சு நாற்காலியை வணங்கட்டும். குத்தம் தீந்துச்சு. அதுக்கப்புறம் மார்க்கு போடுறது அதிகாரி பாடு."

மாதா கோயில் நாற்காலியை நாலு பேர் தூக்கி வந்தார்கள். சூசைராஜ் கண்ணாடியை இடுப்பில் செருகிக்கொண்டு, வெற்றிலையை வைத்து, காலி நாற்காலிக்கு எதிரே நின்றார். முதுகு பலகை போல நேராக, இடுப்பிலிருந்து குனிந்தார். ஊரே வாய்விட்டு எண்ணியது: ஒண்ணு, ரெண்டு, மூணு. நிமிர்ந்தார். மூன்றரை வருஷத்தில் எந்த ஜப்பான்காரனுக்கும் அவர் அவ்வளவு நேர்த்தியாகக் குனிந்ததில்லை.

பிறகு சுற்றி நடந்து நாற்காலியில் அமர்ந்து, கண்ணாடியை மாட்டி, விடைத்தாளை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார்.

"சீக்கிரம் போடுங்க! புதுக்கோட்டை பஸ்ஸுக்குக் கரி அடுப்பு மூட்டிட்டான், இப்பக் கெளம்பிரும்," என்று ஐயனார் கத்தினான்.

அதிகாரி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். ஐயனார் தானாகவே துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டான்.

"வணக்கம் முறையாக இருந்தது," என்றார் அதிகாரி. "ஆனால் ஒரு நாள் தாமதம். தாமதத்துக்கு ஒன்று கழித்து, நாலு தருகிறேன். எண்பது. தேறினான்."

கூட்டம் ஆரவாரித்தது. அதிகாரி எழுந்து, மாணாக்கன் நிற்கவேண்டிய இடத்தைப் பார்த்து, வாழ்த்திச் சில வார்த்தை ஜப்பானியத்தில் சொன்னார். நன்றி சொல்வதற்காகக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். முதல் வகுப்புக்குரிய நன்றியுரை நீளமானது. அதன் இரண்டாம் வாக்கியத்தில் இருந்தபோது, தலையில் டிரங்குப் பெட்டியும் கையில் பாத்திர மூட்டையுமாகச் சந்தனமேரி குறுக்கே வந்து நின்றாள்.

"போதும், ரெண்டு பேரும் கெளம்புங்க," என்றாள். "டிக்கெட்டு ஒருத்தருக்குத்தான் எடுப்பேன்."