காவல்காரர் வேண்டாம்

தங்கையை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் ஒரு இடத்தில் உட்கார மாட்டாள், வாயும் ஓயாது. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். அந்த வாலு இப்போது இருக்கிற இடம் தெரியாமல் அடங்கிப் போயிருந்தாள்.

அப்பா அம்மா வேறு ஊரில். அக்கா மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். வாலு வீட்டிலிருந்தபடியே பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைந்து கொடுப்பாள். கொஞ்ச நாளாக வரைவதும் இல்லை. அக்கா வருகிறவரை குளிக்க மாட்டாள், சாப்பிட மாட்டாள். பகலெல்லாம் தாழ்ப்பாள் போட்டது போதாதென்று கதவை ஒட்டி நாற்காலியையும் தள்ளிப் போட்டு வைத்திருப்பாள். கேட்டால், "சும்மாதான்க்கா" என்பாள். அந்தச் "சும்மா"வை அக்கா நம்பவில்லை.

கடையில் கண் பரிசோதிக்கும் அம்மாதான் ஒரு யோசனை சொன்னாள். "ரோல்பிளே கேம்னு ஒண்ணு இருக்கு. நானும் எங்க வீட்டுக்காரரும் ஆடுவோம். ஒருத்தர் கதை சொல்லணும். இன்னொருத்தர் அந்தக் கதைக்குள்ள ஒரு ஆளா இருந்து, அடுத்து என்ன செய்யறேன்னு சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும். பேசாதவங்களைக்கூடப் பேச வெச்சிடும்."

அன்று மதியமே லென்ஸ் வெட்டும் இயந்திரம் மக்கர் பண்ணியது. முதலாளி அம்மா, "நீ கிளம்பு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டாள். அக்கா நேராக விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனாள். கூரைவரை அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே தொப்பையை ஒடுக்கிக்கொண்டு கடைக்காரர் நின்றிருந்தார்.

"எத்தனை பேர்மா ஆடப் போறீங்க?"

"ரெண்டே பேர். நானும் தங்கச்சியும். ரெண்டு பேருக்கும் இதுல அ, ஆகூடத் தெரியாது."

அவர் முதலில் செங்கல் கனத்தில் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே தலையணை மாதிரி புத்தகங்கள். "இதுதான் எல்லாரும் கேக்கறது. ஆனா நாலஞ்சு பேராவது வேணும்." அக்கா பெட்டியைத் திருப்பி விலையைப் பார்த்தாள், சூடு பட்டவள் போலக் கீழே வைத்தாள். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"அப்ப இது? ரெண்டு பேர் போதும். பாதி விலைக்குத் தள்ளிட்டிருக்கேன்." அட்டையில் இருட்டு வீடு, ஜன்னலில் ஒரு கை. அக்கா அதைத் தள்ளி வைத்தாள்.

"பயமுறுத்தாததா குடுங்க. அவ ஏற்கனவே பயந்துபோய் கெடக்கா."

கடைக்காரர் சிரிப்பை விட்டார். அடித்தட்டிலிருந்து மெல்லிசான ஒரு புத்தகத்தைத் துழாவி எடுத்தார். "இதை எடுத்துட்டுப் போங்க. விலையும் கையைக் கடிக்காது. சாதாரணப் பகடை, ஒரு பென்சில், அவ்வளவுதான். முதல் கதையை ஒரு தடவை படிச்சா நீங்களே சொல்லிடலாம்." பிறகு புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு வெற்று அட்டையை உருவிக் காட்டினார். "இதை மட்டும் மறக்காதீங்க. மேசை நடுவுல வைக்கணும். கதையில பிடிக்காதது ஏதாவது வந்தா, ஆடறவங்க இதுமேல கையை வெச்சா போதும். அந்த விஷயத்தைக் கதையிலிருந்து எடுத்துடணும்."

அக்கா வீட்டுக்கு வந்தபோது மாடிப்படியில் யாரும் இல்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் வழக்கமாக வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். அன்று அவரையும் காணோம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடியை யாரோ நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான்டி" என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் உள்ளே நாற்காலி நகர்ந்து தாழ்ப்பாள் விலகியது. விளையாட மேசைக்கு நாற்காலி வேண்டும் என்று அக்கா அதைக் கதவடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வாலு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதையில் வாலு ஒரு தூதுப் பெண். அவசர மருந்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் போகிறாள். மழை வருகிறது. வழியில் ஆளில்லாத ஒரு விடுதி.

"உள்ள போறியா, நனைஞ்சுகிட்டே நடக்கறியா?"

"நனைஞ்சுகிட்டே நடக்கறேன்."

"லூசு, உனக்குக் காய்ச்சல் வந்தா மருந்தை யாரு கொண்டு போறது?"

வாலுவின் உதடு லேசாக விரிந்தது. பகடையை உருட்டினாள். உள்ளே போனாள், அடுப்பைத் தேடினாள், ஓட்டைப் பாத்திரத்தில் வெந்நீர் வைக்க முயன்று தோற்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள். அக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தத் தெம்பில், புத்தகத்தில் இல்லாத ஒரு ஆளைத் தானே கொண்டுவந்தாள்.

"அப்ப படியில காலடிச் சத்தம். பயப்படாத. விடுதிக் காவல்காரர்தான். ரொம்ப நல்ல மனுஷன். எல்லா அறைக்கும் அவர்கிட்ட சாவி இருக்கு..."

வாலுவின் கை அட்டைமேல் விழுந்தது.

"ஏன்டி? அவர் நல்லவர்னுதானே சொல்றேன்."

"நல்லவர் மாதிரிதான்க்கா இருப்பாரு."

வாலு அட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. அக்கா புத்தகத்தை மூடினாள். மெதுவாகக் கேட்டாள், "யாருடி?"

வாலு சொன்னாள். மேனேஜர். அக்கா வேலைக்குப் போனபின் சாவி போட்டுத் திறந்துகொண்டு வருவாராம். முதல் தடவை குழாய் பார்க்க வந்ததாகச் சொன்னாராம். பிறகு காரணமே சொல்லவில்லையாம். தொட்டதில்லை. கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். ஒருநாள் குளித்துவிட்டு வந்தபோது குளியலறை வாசலில் நின்றாராம்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீதானேக்கா பாத்துக்கச் சொன்ன."

அக்காவுக்குத் தலையில் இடி விழுந்தாற்போல இருந்தது. உண்மைதான். குடிவந்த அன்று கட்டிலை மாடிக்குத் தூக்கிக் கொடுத்தவர் அவர். அந்த நன்றியில், மாற்றுச் சாவியை அவர் கையில் வைத்து, "தங்கச்சி பகல்ல தனியாத்தான் இருப்பாண்ணே, கொஞ்சம் எட்டிப் பாத்துக்கங்க" என்று சொன்னது இவளேதான்.

அப்போது மேல்மாடிப் படியில் டிங் என்று ஒரு சத்தம். இன்னொரு டிங். இரும்புக் கைப்பிடியில் யாரோ சாவியைத் தட்டிக்கொண்டே இறங்கினார்கள். வாலுவின் முகத்தில் ஈயாடவில்லை. "அவருதான். நீ வந்தது அவருக்குத் தெரியாது."

கதவடியில் நாற்காலி இல்லை, உள்ளே வந்தபின் தாழ்ப்பாளும் போடவில்லை. அக்கா அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடித் தாழ்ப்பாளைப் போட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது, கால் அசையவில்லை. சத்தம் வாசலில் நின்றது. சாவி நுழைந்தது. பூட்டு திரும்பியது.

"பாப்பா..." என்று இழுத்தபடி தலையை நீட்டியவர் அக்காவைப் பார்த்துத் திகைத்தார். ஒரு கணம்தான். உடனே பழைய சிரிப்பு வந்துவிட்டது.

"அடடே, வேலைக்குப் போகலையாம்மா? தொட்டியில தண்ணி குறையுது. உங்க குழாய் ஒழுகுதான்னு பாக்க வந்தேன்."

பழக்க தோஷத்தில் "வாங்கண்ணே" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா அதைக் கடித்து விழுங்கினாள். எழுந்ததில் முழங்கால் மேசையில் இடித்துப் பகடைகள் தரையில் சிதறின.

"சாவியக் குடுங்க."

"நீங்க குடுத்த சாவிதானேம்மா?"

சொல்லிக்கொண்டே உள்ளே ஒரு காலை வைத்தார். பின்கையால் கதவைச் சாத்தினார். அவசரமே இல்லாமல், சொந்த வீட்டுக் கதவைச் சாத்துவதைப் போல. "என்ன சொன்னா உங்க தங்கச்சி? சின்னப் பொண்ணு. கற்பனை ஜாஸ்தி."

 இந்த ஆள் தன்னைவிட எவ்வளவு பெரியவர், எவ்வளவு அகலம் என்பதை அன்றுதான் அக்காவின் கண் பார்த்தது. அவள் கத்த வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. பின்னால் வாலு ஜன்னலைப் படாரென்று திறந்தாள்.

"நர்சம்மா! நர்சம்மா! மேல வாங்க!"

கீழ்வீட்டில் நர்ஸ் குடியிருந்தாள். பதில் இல்லை. வாலு மறுபடி கூவினாள். தொண்டை கிழிந்துவிடும்போல ஒரு குரல். இப்போது அக்காவுக்கும் குரல் பிறந்தது. இருவரும் சேர்ந்து கத்தினார்கள். தெருவில் யாரோ "என்னாச்சு?" என்றார்கள். கீழே ஒரு கதவு திறந்தது. மேனேஜர் கையை உயர்த்தி, "எதுக்கும்மா இப்படி ஊரைக் கூட்டறீங்க" என்றார், பின்வாங்கினார், கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கிப் போனார். ஓடவில்லை. அதுதான் அக்காவை இன்னும் பயமுறுத்தியது.

அக்கா பாய்ந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மூச்சு வாங்க நின்றபோதுதான் உறைத்தது. சாவிக்கொத்து வெளியே பூட்டிலேயே தொங்குகிறது. அதை எடுக்கக் கதவைத் திறக்க வேண்டும். வெளியே அவர் நிற்கலாம். மரத்தில் காதை வைத்துக் கேட்டாள். தன் நெஞ்சடிப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"திறக்காதக்கா."

"திறக்கலன்னா அது மறுபடி அவர் கைக்குப் போயிடும்டி."

ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து, சாவிக்கொத்தைப் பிடுங்கி உள்ளே இழுத்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸ் மேலே வந்து கதவைத் தட்டினாள். உள்ளே வந்து, இருவரும் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டாள். அக்காவின் மடியில் கிடந்த கொத்தை வாங்கிப் புரட்டியவள், ஒரு சாவியில் நிறுத்தினாள். நெளிந்த பல்லுள்ள புதுச் சாவி. தன் இடுப்புப் பையிலிருந்த சாவியை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பல்லுக்குப் பல் பொருந்தியது.

"இது என் வீட்டுச் சாவி" என்றாள்.  "நான் யாருக்கும் குடுக்கலையே. ராத்திரி வேலை முடிச்சுட்டுப் பகல்ல மாத்திரை போட்டுத் தூங்கறவ நான்."

மூன்று பேரும் சேர்ந்தே காவல் நிலையத்துக்குப் போனார்கள். அக்கா பேச ஆரம்பித்தபோது வாலு அவள் கையை அமுக்கி நிறுத்தி, தானே சொன்னாள். குளியலறை வாசல் வந்ததும் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். எழுதிக்கொண்டிருந்த பெண் அதிகாரி நடுவில் ஒருமுறைகூட "நிஜமாவா?" என்று கேட்கவில்லை. மறுநாள் மேனேஜரைப் பிடித்தார்கள். கொத்திலிருந்த சாவிகளை ஒவ்வொரு வீடாகப் போட்டுப் பார்த்ததில், யாரும் கொடுக்காத சாவிகள் இன்னும் கிடைத்தன. அந்த வீடுகளிலெல்லாம் பகலில் பெண்கள் தனியாக இருந்தார்கள். அதில் ஒருத்தி வாயே திறக்காமல் அழுதாளாம்.

கொஞ்ச நாளில் அவர் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார் என்று நர்ஸ் போனில் சொன்னாள். அதற்குள் அக்காவும் தங்கையும் வேறு பேட்டைக்குக் குடிபோயிருந்தார்கள். கட்டிலைக் கூலிக்கு ஆள் வைத்துத் தூக்கினார்கள். புது வீட்டின் சாவி இருவரிடம் மட்டும்தான். ஆனாலும் படியில் யார் ஏறினாலும் அக்காவின் கை லென்ஸைப் பிடிப்பதுபோல் இறுகிவிடும். அவர் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் ராப்பகலாக அரித்தது.

சில விடுமுறை நாட்களில் வாலு அந்த மெல்லிய புத்தகத்தை எடுத்து வருவாள். விடுதிக் கதைக்கு மட்டும் போக மாட்டாள். ஒரு நாள் நன்றாக ஆடுவாள். இன்னொரு நாள் நடுவிலேயே எழுந்து போய்ப் படுத்துக்கொள்வாள். அக்கா ஏன் என்று கேட்பதில்லை.

வழக்கு விசாரணைக்கு அழைப்பு வந்தது. அங்கே அவரும் இருப்பார். போக வேண்டிய நாளன்று, "நீ வர வேண்டாம்டி, எழுதிக் குடுத்தா போதுமான்னு கேக்கலாம்" என்றாள் அக்கா. வாலு தலைவாரிக்கொண்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. காலையில் ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. அக்கா கதவைப் பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள், மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

"போதும்க்கா, பூட்டிடுச்சு" என்றாள் வாலு. முன்னால் இறங்க ஆரம்பித்தாள். பாதிப் படியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே எட்டிப் பார்த்தாள். பிறகு இறங்கினாள்.