அவனுக்கு ஒண்ணும் தெரியாது

பஸ்ஸில் தம்பியை ஜன்னலோரமாக உட்கார வைத்துவிட்டு, அக்கா அவன் காதோரம் குனிந்து மறுபடியும் சொன்னாள். "டாக்டரம்மா என்ன கேட்டாலும் பேசாம இரு. புரியுதா?"

"எனக்குத்தான் எல்லாம் தெரியுமே," என்றான் அவன், பஸ்ஸுக்கே கேட்கிற குரலில். தலை நரைக்கத் தொடங்கிவிட்ட தம்பி. மனசு மட்டும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டவில்லை.

அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தையல் கடையில் அரை நாள் லீவு கேட்டதற்கே முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவது அரசாங்கம் தரும் உதவித்தொகையால்தான். இன்றைக்கு மறுபரிசோதனை. 'தேறிவிட்டான்' என்று டாக்டர் எழுதிவிட்டால் அதுவும் போச்சு. அப்புறம் அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டா தைக்கப் போவது?

அறைக்குள் நுழைந்ததும் அவனாகவே வணக்கம் சொன்னான். "சட்டையை நீங்களே போட்டுப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டதுதான் தாமதம், கழற்றி மறுபடி போட்டு, நாக்கு நுனியைக் கடித்தபடி பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினான். டம்ளரில் சிந்தாமல் தண்ணீர் ஊற்றி டாக்டருக்கே நீட்டினான். வருஷக்கணக்காக அவள் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்ததெல்லாம் இன்றைக்கென்று பார்த்து வரிசையாக வந்தது. வேறு நாளாக இருந்தால் அவனைக் கட்டிக்கொண்டிருப்பாள். இப்போது ஒரு கிள்ளு கிள்ளலாமா என்று கை துறுதுறுத்தது.

"பரவாயில்லையே!" டாக்டர் சிரித்தார். "வீட்ல தனியா இருந்துப்பாரா?"

"ஓ!" என்றான் தம்பி.

அவனை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேசலாம். ஆனால் வெளியே விட்டால் எழுந்து எங்காவது போய்விடுவான். அவன் பக்கம் பார்க்காமல் அங்கேயே சொன்னாள்.

"இல்ல மேடம். இவனுக்கு ஒண்ணும் தெரியாது. கேஸைத் திறந்துட்டு மறந்துடுவான். தெருவுக்குப் போனா வீடு திரும்பத் தெரியாது, போன மாசம் போலீஸ்தான் கூட்டிட்டு வந்து விட்டாங்க. அப்புறம் தூங்கும்போது..." நிறுத்தினாள். டாக்டர் பேனாவை மூடாமல் காத்திருந்தார்.

"அதைச் சொல்லாதேக்கா," என்றான் தம்பி, மெதுவாக.

"படுக்கையை நனைச்சுடுவான் மேடம்."

அத்தனையும் நிஜம். ஒன்றைக்கூட அவள் கூட்டிச் சொல்லவில்லை.

உதவித்தொகை தொடரும் என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். அக்கா கும்பிட்டாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "சீக்கிரம் போட்டுக்கடா, பஸ் வந்துடும்," என்றாள். எந்த நாளும் அவளுக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு ஓடுகிறவன், படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் அவள் பக்கம் நீட்டினான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தெருமுனையில் பஸ் திரும்பியது. அவள் மண்டியிட்டு, அவன் குதிகாலைக் கையில் ஏந்தினாள்.