குளிர் கேட்ட மரம்

கட்டிப்பிடித்து அழுத ஒவ்வொரு பெண்ணின் தோளிலும் முகம் புதைத்தபடியே ஞானம்பிகை அவர்களை அளந்தாள். இவளாக இருக்குமோ? பக்கத்துவீட்டுக் குகனேஸ்வரி முறைக்கு அழுதாள். மேல்மாடிக்காரி தன் தகப்பனை நினைத்து அழுதாள். யாருடைய அழுகையும் கோபாலசிங்கத்துக்கானதாகத் தெரியவில்லை.

இத்தாலியில், கால்சாப் பகுதியிலிருந்த அவர்கள் வீட்டின் முன்னறையில் கணவர் கோபாலசிங்கத்தின் சவப்பெட்டி திறந்திருந்தது. மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள்.

காலையில் அவருக்குப் போடுவதற்குக் கோட்டை எடுத்தபோதுதான் உள்பையில் ஒரு புகைப்படம் அகப்பட்டது. இலையே இல்லாமல் இளஞ்சிவப்பாய்ப் பூத்த ஒரு மரம். அதன்கீழ், அவள் கண்டிராத கம்பளித் தொப்பியோடு அவர். பின்னால் மலையில் பனி. படத்தின் முதுகில் ஒரு சித்திரை ஞாயிற்றுக்கிழமையின் தேதி. பக்கத்து ஊரான பகேரியாவில் வேலை என்று சொல்லி அவர் போன ஞாயிறுகளில் ஒன்று.

படம் எடுத்த கை யாருடையது? முப்பது வருடத்தில் அவளைப் பார்த்து அவர் அப்படிப் பல் தெரியச் சிரித்ததில்லை.

"அம்மா, ஆரோ இத்தாலிக்காரி வந்து நிக்கிறா," என்றாள் மகள் துசானி. "அப்பாவை மலையிலை தெரியுமாம்."

அறையில் அழுகை நின்றது. வாசலில் அறுபது வயதுப் பெண்ணொருத்தி கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"மலையிலை இவருக்கு என்ன வேலையாம்? கேள்," என்றாள் ஞானம்பிகை.

துசானி இத்தாலியனில் கேட்டுவிட்டுத் திரும்பினாள். "ஒரு செர்ரி மரமாம். பழம் வராதாம், பூவுக்கு மட்டும் வைக்கிறதாம். எங்கடை பல்கனியிலை நிண்டதாம்."

கலியாண நாளுக்கென்று அவர் சட்டியோடு தூக்கிவந்த கன்று. நாலு வருடமாக ஒரு மொட்டு இல்லை. மீன்சந்தையில் ஐஸ் வாங்கிவந்து தினமும் சட்டியில் கொட்டுவார். உருகிய தண்ணீர் கீழ்வீட்டுக்காரரின் உடுப்பில் சொட்டும். "உங்களுக்கு விசர், எறியுங்கோ," என்று கத்தியது அவள்தான். எறிந்துவிட்டேன் என்றார்.

"எறியேல்லையாம். அது பூக்கிறதுக்கு நல்ல குளிர் வேணுமாம். பஸ்ஸிலை மடியிலை வைச்சுக் கொண்டுபோய் இவவின்ரை தோட்டத்திலை நட்டவராம். அப்பா முந்தி வேலை செய்தது இவவின்ரை தமக்கையிட்டையாம்."

"பூப் பாக்க ஆரும் அவ்வளவு தூரம் போவினமே?" என்று குகனேஸ்வரி காதுக்குள் சொன்னாள்.

ஞானம்பிகை படத்தை நீட்டினாள். "இது ஆர் எடுத்தது?"

துசானி வாய் திறக்குமுன்பே அந்தப் பெண் தன் நெஞ்சைத் தொட்டாள்.

"அப்ப, ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை?"

இந்த முறை பதில் நீளமாக வந்தது.

"அடுத்த வருசம் கூட்டிவாறன் எண்டு ஒவ்வொரு வருசமும் சொல்லுவாராம். எறியேல்லை எண்டு தெரிஞ்சால் நீங்கள் என்னென்ன சொல்லி ஏசுவியளெண்டு, உங்களை மாதிரியே கதைச்சுக் காட்டினவராம். காட்டிப்போட்டுச் சிரிச்சவராம். அப்பதான் எடுத்ததாம்."

ஞானம்பிகை அந்த முகத்தில் பொய்யைத் தேடினாள். நெடுநேரம் தேடினாள். அந்தப் பெண் பார்வையை விலக்கவில்லை. மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

படிக்கட்டில் பெட்டி மூட வருகிறவர்களின் காலடி கேட்டது.

ஞானம்பிகை முழங்காலை ஒதுக்கிப் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். தரையில் உட்கார்ந்து பழகாத அந்தப் பெண், ஒரு கையைச் சுவரில் ஊன்றி, ஒற்றைச் சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டு, மெல்ல இறங்கத் தொடங்கினாள்.