புல்லை மிதிக்காதீர்கள்

விடியுமுன்பே கிணற்றுக் கப்பி கிறீச்சிடத் தொடங்கிவிடும். இலட்சுமி இழுப்பாள்; மஹ்றூப் வாங்கிக்கொண்டுபோய் ஊற்றுவார். கயிறு அவள் உள்ளங்கையில் பழைய காய்ப்பின்மேல் புதிய காய்ப்பைப் போட்டிருந்தது. ஆடி மாதத்து வன்னியில் மனிதர் குடிக்கவே கிணற்றின் அடியைச் சுரண்டவேண்டும். இங்கே முதல் வாளி புல்லுக்கு. அது தெற்கிலிருந்து பாய்போலச் சுருட்டி லொறியில் வந்த புல். விருந்தாளியைக் கவனிக்கத்தானே வேண்டும்?

சண்டை நின்று பாதை திறந்த மறுவருடம், ஓமந்தைக்கு இப்பால் வீரபாகு முதலாளி ஒரு விடுதி கட்டினார். அறைகளுக்கு இன்னும் கதவு வரவில்லை. ஆனால், "முற்றம் வடிவா இருந்தா கட்டடத்தின்ர பெறுமதி ரெண்டு மடங்கு" என்று கொழும்பில் யாரோ சொல்லியிருந்தார். கதவைவிடப் புல் மலிவு. புல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் கைகள் அதைவிட மலிவு.

முற்றத்தில் ஒரேயொரு குறை. வெள்ளைக் கல் வரிசைவரைதான் மிதிவெடி அகற்றியிருந்தார்கள். அதற்கப்பால் சிவப்புப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மண்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

"உதைப் பாத்தா ஆர் வந்து தங்குவினம்?" என்றார் முதலாளி. கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, கொக்கத்தடியால் பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்து விழுத்தினார். கல்லோரம் பச்சைப் பலகையொன்று நட்டார்: 'தயவுசெய்து புல்லை மிதிக்காதீர்கள்.'

மிதிவெடிக்கு இத்தனை பணிவான அறிவித்தல் வன்னியில் வேறெங்கும் இருந்ததில்லை.

மறுநாள் காலை, முரசுமோட்டையிலிருந்து கமலாசனி புதிதாக வேலைக்கு வந்தாள். மற்றவர்கள் கிணற்றடியில் நின்றார்கள். புல்லுக்குப் போடும் பசளைச் சாக்கை முற்றத்தின் மறுகரைக்குக் கொண்டுபோகச் சொன்னார் முதலாளி. அவள் பலகையை வாசித்தாள். சொல்வழி கேட்கிற பிள்ளை. புல்லில் கால் படாமல் சுற்றி, கல்லைத் தாண்டி, வெறும் மண்ணில் நடந்தாள்.

வெடிச்சத்தம் கேட்டதும் மஹ்றூப் அவளுடைய அடிச்சுவடுகளிலேயே கால்வைத்துப் போய்த் தூக்கிவந்தார். சாரத்தைக் கிழித்துக் கட்டினார். அவளுக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வவுனியா ஆஸ்பத்திரிவரை அவள் சொல்லிக்கொண்டே போனாள்:

"மஹ்றூப் நானா, நான் புல்லை மிதிக்கேல்லை."

இரண்டு நாள் கழித்து முதலாளி வந்தார். "பலகை வைச்சுத்தானே கிடக்கு? வாசிக்கத் தெரியாட்டி நான் என்ன செய்ய? சரி, கல்லுக்கு அந்தப் பக்கத்துக்கும் புல்லு வந்திட்டுது. காயமுன்னம் பதியுங்கோ."

"வாசிச்சுட்டுத்தான் போனா மொதலாளி," என்றாள் இலட்சுமி.

"வெடிக்கிறது வெடிச்சிட்டுது. இனி ஒண்டும் இராது."

"எண்ணி வைச்ச ஆள் மாதிரிக் கதைக்கிறீங்க," என்றார் மஹ்றூப்.

"ஏலாதவை வெளிக்கிடலாம். வேற ஆக்கள் வருகினம்."

வந்தார்கள். உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டி நிறைய, கொக்கிளாய்ப் பக்கம் கடலுக்குப் போகமுடியாமல் கூலிக்கு வந்த சனம். பழைய ஆட்கள் ஒருவரும் வெளிக்கிடவில்லை. வெள்ளைக் கல் வரிசையில் தோளோடு தோள் குந்தியிருந்தார்கள்.

"தள்ளுங்கோ அக்கா," என்றான் மண்வெட்டியோடு குதித்த ஜனார்த்தனன். "எங்களுக்கும் வயிறிருக்கு."

"காலும் இருக்கட்டும் தம்பி," என்றாள் இலட்சுமி. "பலகைய நம்பாத. இந்தக் கல்லுக்கங்கால மிதிவெடி. ரெண்டு மூணு நாளைக்கு முந்தி ஒரு புள்ளைக்குக் கால் போச்சு."

"பொய்! எல்லாம் துப்புரவாக்கின காணி," என்றார் முதலாளி.

இலட்சுமி எழும்பவில்லை. "அப்ப நீங்க முன்னால நடங்க மொதலாளி. உங்க அடி விழுந்த எடத்தில எல்லாம் நாங்க புல்லு வைக்கிறோம்."

யாரோ சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சிரித்தபடியே கல்வரை வந்தார். பளபளக்கும் சப்பாத்தொன்று கல்லுக்கு மேலாக உயர்ந்தது. அந்தரத்தில் நின்றது. மெதுவாக இந்தப் பக்கமே திரும்பி வந்து இறங்கியது.

"எனக்கு ஒரு ரெலிபோன் எடுக்கக் கிடக்கு," என்றார்.

பெட்டியில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஜனார்த்தனன் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"கொஞ்சம் அரக்கி இருங்கோ அக்கா."

அவள் நகர்ந்து இடம்விட்டாள். ஒவ்வொருவராக இறங்கிவந்து குந்த, வரிசை தார்ப்பாதைவரை நீண்டது. முதலாளி பொலிசைக் கூப்பிடுவார். நாளைக்கு இன்னொரு பெட்டி ஆட்களையும் கொண்டுவருவார். வெயில் ஏறியது.

"அந்தப் பிள்ளையின்ர பேரென்ன?" என்று கேட்டான் ஜனார்த்தனன்.

"கமலாசனி."

அவன் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னான். அவர் அடுத்தவருக்கு. பாதையோரம் கடைசியாக இருந்த கிழவருக்குக் காது மந்தம், "ஆர்?" என்று கத்தினார்.

இம்முறை எல்லோருமாகச் சேர்ந்து சொன்னார்கள்.