தலை தூக்காதவை

...இல்லை, இது கல் அல்ல, முதுகு, கல்லுக்குத் தந்தம் முளைக்குமா, சிவப்புப் பொட்டு வை சத்தியபாமா, நானூற்றுப் பன்னிரண்டு... யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்தவளுக்குப் புலம்பெயர்ந்து வந்த பரமட்டாவில் வாய்த்த உத்தியோகம் படத்தில் இருக்கிற வால்ரஸ்களுக்கு, தந்தமுள்ள கடல் விலங்குகளுக்கு, பேனையால் பொட்டு வைப்பது, உயிரோடிருப்பதற்குச் சிவப்பு, செத்ததற்கு நீலம், சந்தனம் மட்டும்தான் பாக்கி என்று முதல் வாரம் சிரித்தேன், இப்போது சிரிப்பு வருவதில்லை. வடதுருவக் கரை ஒன்றில் இரண்டு வருடத்துக்கு முன், 2007இல், விமானத்திலிருந்து எடுத்த படங்கள் இவை. இப்படி மணலில் குவிந்து கிடக்கிற சாதி அல்ல இந்தத் தாய்களும் குட்டிகளும், நடுக்கடலில் மிதக்கும் பனிப்பாளத்தில் குட்டியை விட்டுவிட்டுத் தாய் அடியில் போய்ச் சிப்பி தின்று வரும், பனி உருகிவிட்டது, போக்கிடம் இல்லாமல் ஆயிரக்கணக்கில் ஒரே கரையில் ஏறிவிட்டன, எள் விழ இடமில்லை. ஏதாவது சத்தம் கேட்டால் போதும், மிரண்டு கடலுக்குப் பாயும், ஒரு தொன் உடம்பு குட்டிகளின் மேல் ஏறிப் போகும். எண்ணப் போன விமானத்துக்கும் சத்தம் உண்டுதானே என்று கேட்டேன். “அதனாலதான் ரொம்ப உயரத்துல பறந்தாங்க அக்கா” என்றாள் மார்கரெட், மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் பெண், இந்த ஆய்வுக்குப் பொறுப்பு. உயரமாம்... பிறகு ஏன் இந்த வரிசை முழுவதும் தலையைத் தூக்கி என்னையே பார்க்கிறது?

பார்க்கட்டும், பார்ப்பவைக்குத்தான் சிவப்பு. மார்கரெட்டின் சட்டம் எளிது, ஒரே இடத்தைப் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு படம், தலை தூக்கியிருந்தால் உயிர், இரண்டிலும் அசையாமல் குப்புறக் கிடந்தால் நீலம். நீலம் எல்லாம் சின்ன உடம்புகள், ஏன் எப்போதும் சின்னதுகள்... ரஞ்சினி ரெலிபோன் எடுத்துப் பதினொரு நாள். என் தங்கை, வன்னியில் யுத்தம் துரத்தித் துரத்திக் கடைசியில் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு துண்டுக் கடற்கரையில், இரண்டு பிள்ளைகளோடு. “இருக்க இடமில்லை அக்கா, முன்னுக்குக் கடல், மேல வண்டு சுத்துது” என்றாள். ஆளில்லாமல் பறந்து படம் பிடிக்கிற விமானத்துக்கு அங்கே வண்டு என்று பெயர், அது பார்த்துவிட்டுப் போனால் பின்னால் ஷெல் வரும். அந்த இரைச்சல் ரெலிபோனுக்குள் எனக்கும் கேட்டது, இந்த அறையின் குளிரூட்டியிலும் அதேதான் கேட்கிறது, மார்கரெட்டிடம் சொன்னால் லீவு எடுங்கள் என்பாள், லீவு எடுத்து வீட்டுக் கதிரையில் இருந்து எதைப் பார்ப்பது, சுவரையா? காலையில் வென்ட்வேர்த்வில் தமிழ்க் கடைக்காரர் சிறிதரன் அண்ணை ஒரு தாளை மடித்துத் தந்தார், ரஞ்சினி இருக்கிற கரையை விண்வெளியிலிருந்து எடுத்த செய்மதிப் படம், வீட்டில் வைத்துப் பார் தங்கச்சி என்றார். வீட்டில்தான் பார்க்க இருந்தேன்... எப்போது இதைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன்? கடல், மணல், கடுகு கொட்டியது போலக் கூடாரங்கள், இதில் எது ரஞ்சினியின் நீலத் தறப்பாள் கூரை, முருகா, ஒன்றையாவது காட்டு.

“அக்கா, டோட்டல் என்ன? லஞ்சுக்கு முன்னாடி அனுப்பணும்.” வாசலில் மார்கரெட். தாளைக் கையால் மூடினேன். “தங்கச்சிகிட்டேர்ந்து ஏதாவது...?” “இல்லை.” நல்ல பிள்ளை, மேலே கேட்காமல் போய்விட்டாள். கையை எடுத்தேன். கூடாரங்களின் மேல் புள்ளிகள். எண்ணினேன், ஒன்பது, வரிசையாக, சுத்தமாக, என் கைப்பழக்கம்தான், வைத்த ஞாபகமே இல்லை. பேனையைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். நீலம்.

கூடாரத்துக்குத் தலை ஏது, எதை வைத்துத் தீர்மானித்தது இந்தக் கை? அன்றைக்கு லைன் அறுவதற்கு முன் ரஞ்சினி கடைசியாகச் சொன்னது... அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பள்ளிக்கூடக் கெட்டிக்காரத்தனம் சொல்வது போல. “வண்டு வந்தா தலை தூக்கக் கூடாது, செத்த மாதிரிக் குப்புறக் கிடக்கோணும் எண்டு ரெண்டையும் பழக்கி வச்சிருக்கிறன் அக்கா. நல்லாச் சொல்வழி கேக்குதுகள்.” வால்ரஸ் படத்தைத் திரும்ப இழுத்தேன். நீலம் நூற்று முப்பத்தொன்று. பத்து நிமிடம் அசையாமல் கிடந்தவை. இதில் எத்தனை சொல்வழி கேட்டவை?

“அக்கா, நம்பர்?”

“இன்னும் ஒருக்கா எண்ணோணும் பிள்ளை” என்றேன், தலையைத் தூக்காமல்.