காசிம் எடுத்துக் கொடுத்த கேஜ்

ஒரு மனுஷன் தண்ணீருக்கடியில் போய் மீனைச் சும்மா பார்த்துவிட்டு வருவான் என்பதே காசிமுக்கு வேடிக்கையாக இருந்தது. பிடிக்கவும் மாட்டாராம், தின்னவும் மாட்டாராம். ஆனாலும் பெங்களூரிலிருந்து மனைவி தெரசாவோடு தர்மபுரிக்கு வந்து, தன் கேஸ் வெல்டிங் பட்டறையைத் தேடிக் கண்டுபிடித்த சூசைநாதனை அவருக்குப் பிடித்துப்போயிற்று. எழுபத்து மூன்றாம் வருஷக் கோடை அது. ஒகேனக்கல்லில் தண்ணீர் இறங்கிக் கிடந்தது.

முதுகில் கட்டும் சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் கேஜ் சூசைநாதனிடம் இருந்தது. அதன் கண்ணாடிக்குள் ஈரம் இறங்கி, முள் மேல் நம்பிக்கை போய்விட்டது. துணைக்கு இன்னொன்று வேண்டும் என்றார். காசிம் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று புத்தம் புதுசு, எலுமிச்சம்பழ அளவு, எழுத்தெல்லாம் பொடிசு. மற்றது ஆக்சிஜன் சிலிண்டரில் எட்டு வருஷம் உழைத்தது, சாஸர் அகலம்.

“கலங்கல் தண்ணியில பொடி எழுத்து தெரியாதுங்க. பெருசையே எடுத்துக்குங்க. எட்டு வருஷத்துல ஒரு நாள்கூட என்னை ஏமாத்துனதில்ல,” என்றார்.

பித்தளையில் மரை கடைந்து, கண்ணாடியைச் சுற்றி மெழுகு அடைத்து, மாட்டியும் கொடுத்தார். அது நூற்றைம்பது காட்டியது. சூசைநாதனுடையது நூற்றிருபது.

“என்னுது குறைச்சுக் காட்டுது பாருங்க. உங்களதைத்தான் நம்பணும். முப்பதுக்கு வந்ததும் மேல கிளம்பிடுவேன்,” என்று சிரித்தார் சூசைநாதன்.

காசிமுக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு அவர்கள் காரிலேயே ஏறிக்கொண்டார்.

இடுப்பில் கயிறு கட்டச் சொன்னார் பரிசல்காரர் மாது. பாறை இடுக்கில் சிக்கும் என்று சூசைநாதன் மறுத்துவிட்டு இறங்கினார். தெரசா கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். பரிசலில் மாதுவும் காசிமும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் போயிற்று.

“ஏங்க, உள்ள காத்து சுத்தமா தீந்துபோச்சுன்னா அந்த முள்ளு எங்க நிக்கும்?” என்று பேச்சுக்குக் கேட்டார் மாது.

“முப்பதுல,” என்றார் காசிம்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அந்த முள் காலி சிலிண்டரிலும் முப்பதுக்குக் கீழே இறங்காது. உள்ளே ஏதோ தளர்ந்து வருஷக்கணக்காகிறது. பட்டறையில் எல்லோரும் மனசுக்குள் முப்பதைக் கழித்துக்கொண்டே வேலை பார்த்தார்கள், கழிக்கிறோம் என்பதே மறந்துபோகிற அளவுக்கு. ஏமாற்றாத கேஜாம். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அதைச் சொல்ல இப்போது வழியில்லை.

துடுப்பை வாங்கித் தண்ணீரை அடித்தார். சூசைநாதன் பேரைச் சொல்லிக் கத்தினார். ஆறு தன் பாட்டுக்கு ஓடியது. காசிமுக்கு நீச்சல் தெரியாது. விஷயம் புரிந்து மாது குதிப்பதற்குள் குமிழிகள் ஒரே மூச்சாகப் பொங்கி வந்தன. அப்புறம் ஒன்றுகூட வரவில்லை.

மூன்றாவது முழுக்கில்தான் மாது ஆளைத் தூக்கி வந்தார். பாறை இடுக்கின் வாயிலேயே கிடந்ததாகச் சொன்னார். அங்கிருந்து மேலே வர நாலு ஆள் உயரம்கூட இல்லை.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் பெரிய கேஜைத் திருப்பிப் பார்த்தார். “முப்பது மிச்சம் இருக்குதே. நெஞ்சு நின்னுருக்கும்,” என்று எழுதிக்கொண்டார். மாது காசிமைப் பார்த்தார். காசிம் வாயைத் திறந்தார்.

அதற்குள் தெரசா எழுந்து வந்துவிட்டாள். அழுகை இல்லை.

“காத்து இருந்துச்சு இல்லீங்களா? மூச்சு முட்டித் தவிச்சுப் போகலை இல்லீங்களா?”

உண்மையைச் சொன்னால் இவள் ஆயுசுக்கும் அந்தத் தவிப்பைச் சுமப்பாள். சொல்லாவிட்டால் தான் தப்பித்துக்கொள்வதாக ஆகும். இரண்டில் எது பாவம் என்று காசிமுக்குத் தெரியவில்லை.

“இருந்துச்சும்மா,” என்றார்.

தெரசா அவர் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.