உட்கார்ந்தவர்களுக்கு அளந்த விளக்கு

சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் ஒழுங்காகக் குனியக்கூடத் தெரியவில்லை. குனிந்தால் முழுதாகக் குனிய வேண்டும். இவர்கள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு பாதி குனிகிறார்கள். கிடப்பவளின் முகத்தைப் பார்ப்பதற்குள் நேராகப் போய் விளக்கில் முட்டிக்கொள்கிறார்கள். முட்டிக்கொண்டு விளக்கைத் திட்டுகிறார்கள்.

இப்போது முட்டியது எதிர்வீட்டு டீச்சரம்மா.

"அய்யய்யோ! யாருங்க இதை இங்க தொங்கவிட்டது?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க குனிஞ்சது சரியில்ல" என்றார் கிழவர்.

விளக்கு ஆடியது. அதன் வெளிச்சமும் கட்டிலில் கிடந்தவளின் முகத்தின்மேல் இப்படியும் அப்படியும் போய் வந்தது. கிழவர் எழுந்து, ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் விளக்கின் துணிக்கூண்டைப் பிடித்து நிறுத்தினார். வெளிச்சம் மறுபடியும் அவள் முகத்தில் வந்து நிலைத்ததைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தார்.

வேலையில் இருந்த காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். கண்டக்டர் விசில் அடித்தாலும் நம்ப மாட்டார். படியில் யாராவது தொங்குகிறார்களா என்று கண்ணாடியில் தானே ஒருமுறை பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். வீட்டிலும் அப்படித்தான். எந்த நல்ல பேச்சு எடுத்தாலும் முதலில் ஒரு மிதி மிதிப்பார். அதனால் இப்போது கட்டிலில் கிடக்கிற மனைவி அவருக்கு வைத்த பெயர் பிரேக்கு. அவள் ஒருத்திதான் அப்படிக் கூப்பிடுவாள்.

அவள் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், கழட்டிடலாம் மச்சான். வர்றவங்க எல்லாம் மண்டையை உடைச்சிக்கிறாங்க."

"உடையட்டும். வந்துட்டுப் போனதுக்கு அடையாளம்."

"விளையாடாதீங்க. எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லிவிட்டிருக்கேன்."

"எவனைக் கேட்டுச் சொன்னே? என் பொண்ணு வர்ற வரைக்கும் இது இங்கதான் இருக்கும். எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்."

"அவ வர்றதுக்கும் லைட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

கிழவர் விளக்கு ஆடுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தார். மைத்துனன் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

அந்த விளக்கு நடக்கிறவர்களுக்காகத் தொங்கவிட்டதல்ல. அதற்கு நேர் கீழே சாப்பாட்டு மேஜை இருந்தது. மேஜையை யாரும் நடந்து தாண்டப் போவதில்லை. அதனால் அது தாழ்ந்து தொங்குவதில் ஒரு தப்பும் இல்லை. ஒருநாள் மேஜையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கட்டிலைப் போட வேண்டி வரும் என்று, அளந்தவளும் யோசிக்கவில்லை, மாட்டியவனும் யோசிக்கவில்லை. இன்று காலையில் நாலு பேர் மேஜையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைச் சுவரோடு சாய்த்து வைத்தார்கள். படுக்கையறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். எனவே அவளை இங்கேதான் கொண்டுவர முடியும். ஆனால் கட்டிலை இப்படித்தான் போட வேண்டும், தலை சரியாக விளக்குக்குக் கீழே வர வேண்டும் என்று சொன்னவர் கிழவர். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவன் எதையாவது சொல்வான் என்று விட்டுவிட்டார்கள்.

விளக்கை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். தையல்காரி. நோயில் விழுந்து வைத்தியம் ஆரம்பித்த பிறகு மெஷினை மிதிக்க முடியாமல் போயிற்று. உடம்பு கரைந்தது. சதை போனது ஒருபக்கம் இருக்கட்டும், முகத்தின் நிறமே போய்விட்டது. சாப்பாட்டு அறையில் ஒரு ட்யூப்லைட் மட்டும் இருந்தது. அந்த அறைக்கு இருந்த ஒற்றை ஜன்னலும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துதான் திறக்கும். பகலிலும் விளக்கு வேண்டும். அந்த வெள்ளை வெளிச்சத்தில் எதிரே உட்கார்ந்தவளைப் பார்க்க அவரால் முடியவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஒருநாள் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன பிரேக்கு, சோத்துல என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்லியே."

"இந்த ட்யூப்லைட்ல நான் செத்தவ மாதிரி இருக்கேன். எனக்கே தெரியுது. வேற லைட் வாங்குவோம்."

கடையில் அவள் செய்ததைப் பார்த்துக் கடைக்காரன் அசந்துபோனான். அவன் ஒவ்வொன்றின் அழகையும் சொல்லிக்கொண்டே வந்தான். இது வெளிநாட்டு மாடல், இது கண்ணாடி, இது பித்தளை. அவள் எதையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போடுப்பா" என்பாள். எரிந்ததும் தன் முன்கையை அதன் கீழே நீட்டிப் பார்ப்பாள். "வேணாம், அடுத்தது."

"விளக்கைப் பாருங்கம்மா, கையைப் பாக்கறீங்களே!"

"விளக்கையா சாப்பிடும்போது பாக்கப்போறாரு?"

கடைசியில் பழுப்பு நிறத் துணி போர்த்திய, கவிழ்த்த கூடைபோல அகலமான ஒன்று. அதன் கீழே போய் நின்று, கிழவரின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "இப்பப் பாருங்க."

பார்த்தார். கன்னம் இருந்தது. உதட்டில் நிறம் இருந்தது.

"இது ஏமாத்து வேலை" என்றார்.

"ஆமா. நல்லா ஏமாத்துது. இதையே கட்டச் சொல்லுங்க."

எவ்வளவு உயரத்தில் தொங்கவிட வேண்டும் என்பதற்கும் அவள் அளவு எடுத்தாள். அவரை அவர் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு எதிரே தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் ஒரு நூல்கண்டு. அளக்கப் போகிறார்கள் என்றதும் அவர் நிமிர்ந்து விறைத்தார்.

"எல்லாப் பயலும் டேப்பைப் பாத்ததும் இப்படித்தான் நெஞ்சைத் தூக்குவான். அப்புறம் சட்டை தொளதொளங்குதுன்னு என்கிட்ட சண்டைக்கு வருவான்" என்றாள். அளவை விட்டுவிட்டு வேறு பேச்சு பேச ஆரம்பித்தாள். மழை, மகள், மகளின் வேலை, டீச்சரம்மா வீட்டுப் பூனை. பேசிப் பேசி அவர் மூச்சை விட்டுத் தோள் தொங்கி, எப்போதும்போல உட்காரும் நிலைக்கு வந்ததும், சட்டென்று மேஜையிலிருந்து அவர் புருவம்வரை நூலைப் பிடித்தாள். அதற்கு ஒரு முடிச்சு. "கண்ணுல குத்தக்கூடாது. என் மூஞ்சி தெரியணும். அவ்வளவுதான்." அந்த நூலைத்தான் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தாள்.

விளக்கு வந்த பிறகு அவர் தட்டைப் பார்க்கவில்லை. அவள் சாப்பிட்டதும் இல்லை. ஆனாலும் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்காருவாள். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை உட்கார்ந்திருப்பாள்.

"எப்படி இருக்கேன்?"

"தேறிட்டே."

"பொய்."

"கண்ணால பாக்கறதைத்தானே சொல்றேன்?"

அதுதான் விஷயம். ஊரில் ஒருத்தனையும் நம்பாத மனுஷன், தான் ஏமாற்று வேலை என்று சொன்ன விளக்கை நம்ப ஆரம்பித்துவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் போன் செய்தாள். தூரத்து ஊரில் வேலை. "அப்பா, மனசு சரியில்ல. ராத்திரி பஸ்சுக்குக் கிளம்பி வந்துடட்டுமா?"

அவர் எதிரே பார்த்தார். அவள் விளக்கின் கீழே உட்கார்ந்திருந்தாள். முகம் பொன்னாக இருந்தது.

"எதுக்கும்மா அடிச்சுப்பிடிச்சு வர்றே? அம்மா நல்லா இருக்கா. முகத்துல ரத்தம் ஊறியிருக்கு. ஞாயித்துக்கிழமை வந்தாப் போதும்."

விடியும்போது அவள் இல்லை.

எலக்ட்ரீஷியன் வந்தான். பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் கிடப்பவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மா நூல் கொடுத்தாங்க எனக்கு. டேப்ல அளந்து சொல்லுங்கம்மான்னேன். டேப்ல என் வீட்டுக்காரர் இல்லப்பான்னாங்க." சிரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான். "கழட்டணுமாங்க ஐயா?"

"கை வச்சே, நடக்கறது வேற."

"கழட்டலைங்க. வயரைச் சுருட்டி மேல கட்டிடறேன். எரியும்."

"மேல போனா எல்லாருக்கும் விழும். இவ முகத்துல விழாது."

மைத்துனனுக்குப் பொறுமை போயிற்று. சுவரோரம் போய் ஒரு ஸ்விட்சை அணைத்து இன்னொன்றைப் போட்டான். ட்யூப்லைட் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

அறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கட்டிலில் கிடந்தது வேறு யாரோபோல இருந்தது. மூக்கு கூர்ந்து, கன்னம் உள்ளே போய், தோல் மெழுகுபோல. டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த முகம்தான் நேற்றும் எதிரே இருந்தது. இந்த முகத்தைப் பார்த்துத்தான் நல்லா இருக்கா என்று சொன்னார்.

கிழவர் தட்டுத்தடுமாறி எழுந்து போய், மைத்துனனைத் தள்ளிவிட்டு, ஸ்விட்சுகளை மாற்றினார்.

"என் பொண்ணு வந்து பாக்கட்டும்டா" என்றார். "நான் பொய் சொல்லலைன்னு பாக்கட்டும். அப்புறம் நீ என்ன வேணா பண்ணு."

அதற்குப் பிறகு யாரும் விளக்கைப் பற்றிப் பேசவில்லை. எலக்ட்ரீஷியன் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டான். யாராவது குனிந்தால் கூண்டின் விளிம்புக்கும் அவர்கள் தலைக்கும் நடுவே உள்ளங்கையை வைத்தான்.

மகள் வந்தபோது தோளில் பை இருந்தது. அதை இறக்கவில்லை. கத்தி அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் நேராக வந்து கட்டில் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததால் அவளுக்கு விளக்கு இடிக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

கிழவர் மறுபக்கம் வந்து நின்றார்.

"பாத்தியாம்மா? நேத்தும் இப்படித்தான் இருந்தா. இதைப் பாத்துத்தான் வேணாம்னு சொன்னேன்."

அவள் நிமிரவில்லை.

"நான் போன் பண்ணப்போ அம்மா எங்க இருந்தாங்க?"

"எதிர்லதான் உக்காந்திருந்தா."

"ஞாயித்துக்கிழமை வந்தாப் போதும்னு நீங்க சொன்னது அவங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஒண்ணும் சொல்லலையா?"

"லைட்டைப் பாத்தா. அப்புறம் குழம்பு ஊத்திக்குங்கன்னா."

மகள் கையை நீட்டி அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கையை உடனே எடுத்துவிட்டாள். பிறகு எழுந்து போய், எந்த ஸ்விட்ச் எதற்கென்று தேடி, விளக்கை அணைத்து ட்யூப்லைட்டைப் போட்டாள். நின்ற இடத்திலிருந்தே அந்த முகத்தையும் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். கடைசியில் அப்பாவைப் பார்த்தாள். கிழவர் தலை குனிந்துகொண்டார். அவள் மறுபடியும் விளக்கைப் போட்டாள்.

வண்டி வந்தது. கட்டிலைத் தூக்கியபோது எலக்ட்ரீஷியன் விளக்கை ஒருபக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெளியே இன்னும் வெயில் இருந்தது. மைத்துனனும் எலக்ட்ரீஷியனும் மேஜையைப் பழைய இடத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். விளக்கு மறுபடியும் ஒழுங்காகத் தொங்கியது. டீச்சரம்மா கொடுத்தனுப்பியதை மகள் இரண்டு தட்டில் போட்டாள். அவரை அவர் நாற்காலியில் உட்காரவைத்தாள். எதிரே இருந்தது ஒரே நாற்காலிதான். அதில் உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்கப்பா. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலைன்னு மாமா சொன்னாரு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"நீ ராத்திரியே கிளம்பியிருந்தா, விடியறதுக்குள்ள வந்திருப்பே."

"விடுங்கப்பா."

"கடைசியா ஒரு வார்த்தை பேசியிருப்பே."

"அப்பா." அவள் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "எனக்கு உங்க மேல கோபம் இல்ல. நிஜமா இல்ல."

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகம் பொன்னாக இருந்தது. அழுத கண்கூட வீங்கியதாகத் தெரியவில்லை. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கோபம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். தட்டை நகர்த்தினார்.

"இந்த வெளிச்சத்துல வேணாம்மா. வெயில்ல வந்து சொல்லு."

"என்னப்பா பேசறீங்க?"

அவர் எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் வாசலைத் தாண்டிப் போய், வெயில் விழுகிற இடத்தில் திரும்பி நின்றார். கண் கூசியது. கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்து வீட்டைப் பார்த்தார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மகள் வாசல்வரை வந்தாள். நிழல் முடிகிற இடத்தில் நின்றுவிட்டாள், வெயிலில் கால் வைக்கவில்லை.

கிழவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கையை இறக்கிக்கொண்டு தெருவோடு நடக்க ஆரம்பித்தார்.